சோதனைக்குள் வராதவர்கள்: ரிமோனபான்ட் எடைக்குறைப்பு மாத்திரை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எடையைக் குறைக்கும் புது மாத்திரை ஒன்று சோதனையில் தேறியது என்று செய்தி வந்தால், எத்தனை கிலோ குறைந்தது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சோதனையில் யாரைச் சேர்க்கவில்லை? இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரிமோனபான்ட்டை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவில் 2006 ஜூனில் அனுமதி பெற்ற இந்த மாத்திரையின் விற்பனையை 2008 அக்டோபரில் நிறுத்தச் சொன்னார்கள். நடுவில் இரண்டு ஆண்டுக்குச் சற்றே கூடுதலான காலம்தான். சோதனையை நடத்தியவர்கள் சோம்பேறிகள் அல்ல, கணக்கில் மோசடியும் இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை பிறந்த கதை

கஞ்சாச் செடியின் போதைப் பொருளான டிஎச்சி என்ன என்பதை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் கண்டுபிடித்தார்கள். அது மூளையில் எந்த ஏற்பியில், அதாவது தன்மேல் ஒரு பொருள் ஒட்டினால் செல்லுக்குச் சேதி சொல்லும் எந்தப் புரதத்தில், போய் ஒட்டுகிறது என்பது 1990இல் தெரிந்தது. அந்த ஏற்பிக்கு சிபி1 என்று பெயர். செடியிலிருந்து வரும் ஒரு பொருளுக்காக நம் மூளை ஏற்பி வைத்திருக்காதே! உடம்பே அப்படி ஒன்றைச் சுரக்க வேண்டும் என்று தேடியதில், 1992இல் ஆனந்தமைடு கிடைத்தது.

கஞ்சா புகைத்தவர்களுக்குப் பசி பிடுங்கும் என்பது ஊரறிந்த விஷயம். அப்படியானால் சிபி1 ஏற்பியை அடைத்துவிட்டால் பசி அடங்க வேண்டும் அல்லவா? பிரான்சின் சனோஃபி நிறுவன ஆய்வாளர்கள் 1994இல் அப்படி அடைக்கும் முதல் மருந்தை அறிவித்தார்கள். ஆய்வகத்தில் அதன் பெயர் எஸ்ஆர்141716. பிறகு ரிமோனபான்ட் ஆனது. ஐரோப்பியக் கடைகளில் அகாம்ப்ளியா. வெள்ளை நிறத்தில், நீர்த்துளி வடிவத்தில், ஒரு பக்கம் 20 என்று பொறித்த மாத்திரை. தினம் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்கு முன்.

சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. சிபி1 பசிக்கு மட்டும் உரிய ஏற்பி அல்ல. பசியைக் கவனிக்கும் ஹைபோதலாமசில் அது இருக்கிறது. விரும்பியது கிடைத்தால் வரும் நிறைவைப் பதிவு செய்யும் பகுதியிலும் இருக்கிறது. பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலும் இருக்கிறது. போதாதற்கு ஈரல், கொழுப்புத் திசு, குடல் என்று உடம்பெங்கும் பரவியிருக்கிறது. வாயில் போடும் மாத்திரை ரத்தத்தில் கலந்து மூளைக்குள் போனபிறகு, பசிப் பகுதியை மட்டும் தொடு, மற்றதை விட்டுவிடு என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது. சிபி1 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், ஒருமுறை பயந்ததை லேசில் மறக்க முடியாமல் தவிப்பதாக 2002இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சாதாரண எலிகளுக்கு ரிமோனபான்ட் கொடுத்தபோதும் அதே நிலை. அந்த நேரத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த மாத்திரையின் பெரிய சோதனையில் பங்கேற்றுக்கொண்டிருந்தார்கள்.

ரியோ சோதனைகள்

ரியோ என்ற பொதுப்பெயரில் நடந்த பெரிய சோதனைகள் மொத்தம் 4. ரியோ-ஐரோப்பாவில் 1,507 பேர், ரியோ-வட அமெரிக்காவில் 3,045 பேர், ரத்தக் கொழுப்புக் கோளாறு உள்ளவர்களுக்கான ரியோ-லிப்பிட்சில் 1,036 பேர், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கான ரியோ-டயாபிடிசில் 1,047 பேர். ஆக 6,600 பேருக்கு மேல். எடைக்குறைப்பு மருந்துக்கு அந்தக் காலத்தில் இது சிறிய எண்ணிக்கை அல்ல.

அமைப்பும் நேர்த்தியானது. ரியோ-ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 30க்கு மேல் இருப்பவர்கள் சேரலாம். 27க்கு மேல் இருந்து, கூடவே ரத்த அழுத்தமோ கொழுப்புக் கோளாறோ இருந்தாலும் சேரலாம். முதல் 4 வாரம் எல்லோருக்கும் வெற்று மாத்திரை, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை. தினசரிச் சாப்பாட்டில் 600 கலோரியைக் குறைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு குலுக்கல் முறையில் மூன்று குழு: வெற்று மாத்திரை, 5 மி.கி., 20 மி.கி. யாருக்கு எது என்று எடுப்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

ஓராண்டு முடிவில் வெற்று மாத்திரைக் குழுவில் சராசரியாக 1.8 கிலோ குறைந்திருந்தது. 5 மி.கி. குழுவில் 3.4 கிலோ, 20 மி.கி. குழுவில் 6.6 கிலோ. இடுப்புச் சுற்றளவு குறைந்தது. நல்ல கொழுப்பான எச்டிஎல் ஏறியது, கெடுதலான ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு இறங்கியது. சந்தேகமே வேண்டாம், மருந்து வேலை செய்தது. 2004 மார்ச்சில் அமெரிக்க இதயவியல் மாநாட்டில் முதல் முடிவுகள் வெளியானபோது, எடையையும் குறைக்கும், புகைப்பழக்கத்தையும் விடவைக்கும் அதிசய மாத்திரை என்று பத்திரிகைகள் கொண்டாடின.

இனி அந்த எண்களுக்குப் பின்னால் போவோம்.

முதலில், பாதியில் போனவர்கள். ரியோ-வட அமெரிக்காவில் ஓராண்டு வரை நின்றவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 51 சதவீதம், 20 மி.கி. குழுவில் 55 சதவீதம். ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர் பாதியில் விட்டுவிட்டார். போனவர்களின் ஓராண்டு எடையை எப்படி எழுதுவது? அவர்கள் கடைசியாக வந்த நாளில் இருந்த எடையையே ஆண்டு முடிவு எடையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த முறைதான் அது. காலாண்டுத் தேர்வோடு பள்ளியை விட்டுப் போன பையனுக்கு, அதே மதிப்பெண்ணை முழு ஆண்டுக்கும் போட்டுத் தேர்ச்சி விகிதம் சொல்வது போன்றது இது. மூன்றாம் மாதம் 5 கிலோ குறைந்த நிலையில் மருந்தை விட்டவர், பன்னிரண்டாம் மாதமும் 5 கிலோ குறைவாகவே இருப்பாரா? இருக்க மாட்டார் என்பதை அதே சோதனையே காட்டியது. இரண்டாம் ஆண்டில் 20 மி.கி. குழுவில் ஒரு பகுதியினரை வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். குறைந்த எடை அவர்களுக்குத் திரும்பி வந்தது.

இரண்டாவது, சேர்க்கப்படாதவர்கள். இதுதான் எனக்கு முக்கியம். கடுமையான மனநலப் பிரச்சினை உள்ளவர்களும் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் இந்தச் சோதனைகளில் சேர முடியாது. இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் சில எடையை ஏற்றும், சில இறக்கும். அவற்றையும் உள்ளே விட்டால் புது மருந்து என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஏற்கெனவே மனம் நொந்திருப்பவரைச் சோதனை மருந்துக்கு உட்படுத்தாமல் இருப்பது அக்கறையும்கூட.

ஆனால் எடையைக் குறைக்க மருத்துவரிடம் வருகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். உடல்பருமனும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இருபது வருடம் உறவுக்காரர்களின் கேலியைக் கேட்டவர், துணிக்கடையில் தன் அளவுக்கு இல்லை என்று திரும்பியவர், மனச்சோர்வு மாத்திரை எடுத்ததாலேயே எடை போட்டவர் என்று வரிசையில் நிற்பவர்களில் கணிசமானவர்கள் இவர்கள்தான். சோதனை இவர்களை வாசலிலேயே நிறுத்தியது. அனுமதி கிடைத்தபின் கடையின் வாசல் இவர்கள் எல்லோருக்கும் திறந்துகொண்டது.

மனதை அளந்த விதம்

அப்படியானால் சோதனையில் யாரும் மனநிலையைப் பார்க்கவே இல்லையா? பார்த்தார்கள். எச்ஏடிஎஸ் என்ற கேள்வித்தாள் இருந்தது. அதில் 14 கேள்விகள். ஏழு பதற்றத்தைப் பற்றி, ஏழு மனச்சோர்வைப் பற்றி. கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்தக் கேள்வித்தாளில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. மருத்துவமனைகளில் நோயாளிகளை வடிகட்டிப் பார்க்க உருவானது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் அது கேட்பது போன வாரத்தைப் பற்றி. இரண்டு வருகைகளுக்கு நடுவில் மோசமான பத்து நாட்கள் வந்து போயிருந்தால் அது தாளில் விழாது. மிக மோசமாக உணர்கிறவர் அடுத்த வருகைக்கே வராமல் போகலாம். அவர் பாதியில் போனவர்களின் பட்டியலில் ஒரு எண்ணாகிவிடுவார். தற்கொலை எண்ணம் வந்ததா என்று நேரடியாக, திட்டமிட்டு, ஒவ்வொரு வருகையிலும் கேட்கும் ஏற்பாடு இந்தச் சோதனைகளில் இல்லை. நோயாளி தானாகச் சொன்னால் பதிவாகும், அவ்வளவுதான்.

மருந்தின் இன்னொரு குணமும் இங்கே சேர்கிறது. ரிமோனபான்ட் கொழுப்பில் போய்த் தங்கும். பருமனானவர்களின் உடம்பில் அதன் அளவு பாதியாகவே சுமார் 16 நாள் ஆகும். மனம் சரியில்லை என்று மாத்திரையை நிறுத்தினாலும் மறுநாளே அது உடம்பை விட்டுப் போய்விடாது.

ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு

2006 பிப்ரவரியில், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, புகைப்பழக்கத்தை விடுவதற்கான விண்ணப்பத்தை ஏற்கவில்லை. எடைக்குறைப்புக்கான விண்ணப்பத்துக்கு, இன்னும் தகவல் வேண்டும் என்றது. ஐரோப்பா அதே ஆண்டு ஜூனில் எடைக்குறைப்புக்கு அனுமதி கொடுத்தது.

2007 ஜூன் 13 அன்று எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு கூடியது. அமெரிக்காவில் ஸிமுல்ட்டி என்ற பெயரில் விற்கத் திட்டம். எஃப்டிஏ ஆய்வாளர்கள் அதே சோதனைகளின் தரவை வேறு கண்ணோடு படித்திருந்தார்கள். தனித்தனியாகப் பதிவான பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கூட்டிப் பார்த்தார்கள். 20 மி.கி. எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு, வெற்று மாத்திரைக் குழுவில் 14 சதவீதம். நோயாளிகளின் குறிப்புகளைத் தற்கொலை எண்ணம், முயற்சி என்று வகைப்படுத்தித் திரும்பப் படிக்கும் வேலையும் நடந்தது. வாக்கெடுப்பில் 14 பேரும் வேண்டாம் என்றார்கள். ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அந்த மாதமே நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பக்கவிளைவும் சின்னது. கூட்டிப் பார்த்ததும் ஒரு வடிவம் தெரிந்தது. பக்கவிளைவுகளைச் சிறு சிறு பெயர்களாகப் பிரித்து அட்டவணை போடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. எந்தச் சோதனைக் கட்டுரையைப் படித்தாலும் அந்த அட்டவணையின் வரிசைகளைக் கையால் கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஐரோப்பா அப்போதும் மருந்தை நிறுத்தவில்லை. 2007 ஜூலையில், பெரும் மனச்சோர்வு உள்ளவர்களும் அதற்கு மாத்திரை எடுப்பவர்களும் உட்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. அதாவது, சோதனையின் வாசலில் இருந்த விதியைக் கடையின் வாசலுக்கும் கொண்டுவந்தது. சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் லான்செட் இதழில் டென்மார்க் ஆய்வாளர்கள் நான்கு ரியோ சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு வெளியிட்டதைப் பாருங்கள். வெற்று மாத்திரையை விட 4.7 கிலோ கூடுதலாகக் குறைகிறது. மனச்சோர்வால் மருந்தை விடும் வாய்ப்பு இரண்டரை மடங்கு, பதற்றத்தால் விடும் வாய்ப்பு மூன்று மடங்கு. 49 பேருக்கு மருந்து கொடுத்தால் அவர்களில் ஒருவர் கூடுதலாக மனச்சோர்வினால் அதை நிறுத்துவார். மனச்சோர்வு உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கியபின்னும் கிடைத்த எண் இது. மனநிலை நன்றாக இருந்தவர்களுக்கே இப்படி என்றால், வாசலில் ஒரு விதி போட்டு யாரைக் காப்பாற்ற முடியும்?

இவ்வளவுக்குப் பிறகும் அரசு மருத்துவத்தில் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008 ஜூனில் இதைச் சில நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதமாவது குறைந்தால்தான் தொடரலாம் என்பது அதில் ஒன்று. நான்கு மாதம் கழித்து, 2008 அக்டோபர் 23 அன்று, ஐரோப்பிய மருந்து முகமை விற்பனையை நிறுத்தச் சொன்னது. மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது, கூடுதல் எச்சரிக்கைகளால் இதைச் சமாளிக்க முடியாது என்றது. கூடவே ஒரு காரணம் சொன்னது. நடைமுறையில் மக்கள் இந்த மாத்திரையைக் கொஞ்ச காலம்தான் எடுக்கிறார்கள், அதனால் சோதனையில் தெரிந்த அளவு பலன் கிடைப்பதில்லை என்பது அது. பாதியில் போனவர்களைப் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். 2009 ஜனவரியில் அனுமதி முறைப்படி ரத்தானது.

கிரெசெண்டோ

நிறுத்தப்பட்டபோது இதைவிடப் பெரிய ஒரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. கிரெசெண்டோ என்ற அதில் 42 நாடுகளில் 18,695 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை மருந்து குறைக்குமா என்பது கேள்வி. எடை குறைவது வெறும் தோற்றத்துக்கு அல்ல, உயிரைக் காக்கவும் உதவும் என்று காட்ட வேண்டிய சோதனை அதுதான். 2008 நவம்பரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். சராசரியாக 13.8 மாதமே கண்காணித்த நிலையில் கிடைத்த முடிவு 2010இல் வெளிவந்தது. இதய நிகழ்வுகள் மருந்துக் குழுவில் 3.9 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 4.0 சதவீதம். வித்தியாசமே இல்லை. கடுமையான மனநலப் பாதிப்பு 2.5 சதவீதமும் 1.3 சதவீதமும். மருந்துக் குழுவில் நான்கு பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவர்.

நான்கும் ஒன்றும் சின்ன எண்கள். தற்செயலாகவும் வரலாம் என்று புள்ளியியல் சொல்லும். ஆனால் அரிதான விஷயத்தைப் பார்க்க எத்தனை பேர் வேண்டும் என்பதும் இதிலேயே தெரிகிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பைச் சோதனையில் ஒருமுறையாவது பார்த்துவிட, ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால், 3,000 பேரையாவது கண்காணிக்க வேண்டும். அது வெற்று மாத்திரைக் குழுவை விட அதிகமா என்று காட்ட அதற்கும் பல மடங்கு வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களை வெளியே நிறுத்திவிட்டு 6,600 பேரில் தேடினால் கிடைக்காது.

சிபி1ஐ அடைக்கும் இதே வகை மருந்துகளான மெர்க்கின் தாரனபான்ட்டையும் ஃபைசரின் ஒட்டெனபான்ட்டையும் 2008 அக்டோபர், நவம்பர் ஆகிய அந்த இரண்டு மாதங்களுக்குள் அந்தந்த நிறுவனங்களே கைவிட்டன. இந்தியாவில் பல நிறுவனங்கள் ரிமோனபான்ட்டைத் தங்கள் சொந்தப் பெயர்களில் விற்றுக்கொண்டிருந்தன. ஐரோப்பா விற்பனையை நிறுத்தி ஓராண்டுக்கு மேல் ஆனபின், 2009 டிசம்பரில்தான் இங்கே அரசிதழில் தடை வந்தது. அந்த இடைவெளியில் யார் யார் என்ன அனுபவித்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இப்போது வரும் மாத்திரைகள்

ரிமோனபான்ட்டுக்குப் பிறகு சில பழக்கங்கள் மாறின. மூளையில் வேலை செய்யும் எடைக்குறைப்பு மருந்து என்றால், தற்கொலை எண்ணத்தைப் பற்றி வரையறுக்கப்பட்ட கேள்விகளை நேரடியாகக் கேட்பது இன்று வழக்கம். பாதியில் போனவர்களைக் கணக்கில் கொள்ளும் முறையும் வெளிப்படையாகியிருக்கிறது. எலி லில்லியின் ஓர்ஃபோர்கிளிப்ரான் மாத்திரையை 3,127 பேரிடம் 72 வாரம் சோதித்த அட்டெயின்-1 முடிவு 2025இல் வந்தது. அதிகபட்ச அளவான 36 மி.கி.க்கு 12.4 சதவீத எடைக்குறைவு என்று ஒரு எண், 11.2 சதவீதம் என்று இன்னொரு எண். இரண்டும் சரிதான். முதலாவது, எல்லோரும் மருந்தைத் தொடர்ந்து எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு. இரண்டாவது, விட்டவர் விடாதவர் எல்லோரையும் சேர்த்தது. வாங்கப்போகிறவருக்கு உதவுவது இரண்டாவது எண். செய்திகளில் பெரிதாக வருவது முதலாவது.

ஃபைசரின் டானுகிளிப்ரான் மாத்திரையை 2025 ஏப்ரலில் அந்த நிறுவனமே கைவிட்டது. சோதனையில் ஒரே ஒருவருக்கு, மருந்தால் வந்திருக்கக்கூடிய ஈரல் பாதிப்பு தெரிந்தது. அவருக்கு வெளியே அறிகுறி எதுவும் இல்லை, மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் ஏறினால் எண் காட்டிவிடும். மனம் சரிவதைக் காட்ட அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. கேட்டால்தான் தெரியும்.

சேர்க்கப்படாதவர்கள் பட்டியல் மட்டும் பெரிதாக மாறவில்லை. செமாக்ளூடைடு என்ற எடைக்குறைப்பு ஊசிக்கு நடந்த ஸ்டெப் சோதனைகளில், கடந்த இரண்டு ஆண்டுக்குள் பெரும் மனச்சோர்வு வந்தவர்கள் சேர முடியவில்லை. அந்த வகை மருந்துகளுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் காரணத் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய முகமை 2024 ஏப்ரலில் சொன்னது. அது நிம்மதியான செய்தி. ஆனால் அந்த நிம்மதி, மருந்து கடைக்கு வந்து லட்சக்கணக்கானவர்கள் எடுத்தபின் கிடைத்தது.

இப்போது சிபி1 கதையும் திரும்பத் தொடங்கியிருக்கிறது. மூளைக்குள் அதிகம் போகாத வகையில் உருவாக்கிய மோன்லுனபான்ட் மாத்திரையை, அதை வைத்திருந்த இன்வர்சாகோ நிறுவனத்தோடு சேர்த்து நோவோ நோர்டிஸ்க் 2023இல் வாங்கியது. 2024 செப்டம்பரில் வந்த இடைநிலைச் சோதனை முடிவில், 10 மி.கி. எடுத்தவர்களுக்கு 16 வாரத்தில் 7.1 கிலோ குறைந்திருந்தது, வெற்று மாத்திரைக் குழுவுக்கு 0.7 கிலோ. பதற்றம், எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவை மருந்துக் குழுவில் கூடுதலாகவும், அளவு ஏற ஏற அதிகமாகவும் வந்தன. பெரும்பாலும் லேசானது முதல் நடுத்தரம் வரை என்று நிறுவனம் சொன்னது. எந்த அளவு பாதுகாப்பானது என்று பார்க்க இன்னும் பெரிய சோதனை நடத்தப்போவதாகவும் அறிவித்தது. அதில் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கென்று தனிக் குழு ஒன்று, கூடுதல் கண்காணிப்போடு, அவர்களின் முழுச் சம்மதத்தோடு அமைக்கப்பட வேண்டும். பின்னால் அவர்கள் கடையில் வாங்கத்தான் போகிறார்கள் என்றால், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதே அது அவர்களை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முறை.